பெருமாள் மலையிலிருந்து வந்த விபூதி

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் போதும், அடுத்த அறையிலிருந்து ஒரு "ம்" வரும். பேப்பரை மடிக்கிற சத்தம் வரும். ஆள் மட்டும் வரமாட்டீர்கள். இப்போது அந்த "ம்"மும் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதில் போடாத பழக்கம் உங்களுக்குப் புதிதில்லை, அதற்காக நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும், நம்மைப் பற்றி ஊரில் பேசாததா?

முதலில் செய்திகள். செம்பாக்கம் ஏரி இந்த மழையில் தளும்பிக்கொண்டிருக்கிறது. நம் தெருவில் புதிதாக வீடுகள் எழும்பிவிட்டன. வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே மலையைப் பார்ப்பீர்களே, இப்போது மொட்டை மாடிக்குப் போனால்தான் அது தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கு, அதான் அத்தைக்கு, முட்டி வலி. வாய்க்கு ஒன்றும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது. உங்கள் கான்வாஸ் ஷூவைக் கேட்டு உங்கள் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தார்கள். கொடுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு வருடம் நான் ஒரு மலையும் ஏறவில்லை. இனி ஏறுவேனா என்பதுதான் இத்தனை மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் பழைய கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். நீங்கள் சொன்னால் பாதியைத் திரிப்பீர்கள், நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி நான்கைந்து வருடமாகியும் குழந்தை இல்லை. எண்பதுகளில் அது ஊருக்கே பொதுவான கவலை. அஸ்தினாபுரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனாலும் அதே கேள்வி, உங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போனாலும் அதே கேள்வி. "ஏதாவது விசேஷம் உண்டா?" கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட ஒரு கோயில் பெயர் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார். அப்படி யாரோ சொல்லித்தான் பர்வதமலைக்குப் போனோம். மலை ஏறி வேண்டிக்கொண்டால் அடுத்த வருடமே தொட்டில் ஆடும் என்றார்கள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கடப்பாறைப் படிகளில் நான் ஏறினேன். பாறையில் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். கீழே பார்த்தால் ஒன்றும் இல்லை. "பயமா இருக்கா வசந்தா?" என்று கேட்டீர்கள். "உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு, சங்கிலியை ஒழுங்காப் பிடிங்க" என்றேன். மேலே போய் நின்றதும் அடித்த காற்றில் என் தலைமுடி அவிழ்ந்தது. கட்டத் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில், செங்கல்பட்டு தாண்டிய பிறகு, நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். "ஏம்மா, வேண்டிக்கிட்டியா?"

"நீங்க வேண்டிக்கிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ வேண்டிக்கிட்டிருப்பேன்னு நெனச்சேன்."

போன காரியத்தை மறந்துவிட்டு வந்த ஜோடி நாம். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அழ வேண்டிய இடத்தில் எப்படி அவ்வளவு சிரிப்பு வந்தது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு முன்னும் பிடிக்கும், ஆனால் அது கட்டிவைத்ததால் வந்த பிடித்தம்.

அடுத்த திட்டம் உங்கள் மூளையில் உதித்தது. புருஷனும் பெண்டாட்டியும் சும்மா மலை ஏறப் போகிறோம் என்றால் பைத்தியம் என்பார்கள். வேண்டுதல் என்றால் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள், உங்கள் அம்மாவே புளிசோறு கட்டிக் கொடுப்பார். கட்டியும் கொடுத்தார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு எப்போது லீவு விட்டாலும் நமக்கு ஒரு வேண்டுதல் முளைத்துவிடும். தொட்டபெட்டா போனோம், வீட்டில் முருகன் கோயில் என்றோம். முதுமலைக் காட்டுக்குள் யானை பார்க்கப் போனோம், அம்மன் கோயில் என்றோம். உங்கள் பழைய பேன்ட் ஒன்றை நாடா கட்டி நான் போட்டுக்கொண்டதும், ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் அதை மாற்றும்போது ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலை ஏறும்போது நீங்கள் எனக்கு முன்னால் போனதே இல்லை. "நீ விழுந்தா பிடிக்கத்தான்" என்பீர்கள். மூச்சு வாங்குவதை நான் பார்க்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

பிரசாதம்தான் ஒரே சிக்கல். கோயிலுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வரலாமா? தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, மேம்பாலப் படிக்குப் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் ஒரு பொட்டலம் விபூதி வாங்கிக்கொள்வோம். அத்தை அதைக் கண்ணில் ஒற்றி நெற்றி நிறைய பூசிக்கொள்ளும்போது நான் சமையலறைக்குள் போய்விடுவேன். நீங்கள் மட்டும் கல் மாதிரி நிற்பீர்கள்.

குதிரைமுகத்துக்குப் போய்விட்டு வந்த நாளில் மாட்டிக்கொண்டோம். கர்நாடகத்தில் புதிதாக தேசியப் பூங்காவாக அறிவித்த காடு அது. மங்களூர் பக்கம் ஒரு பெருமாள் மலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தோம். மழை, அட்டைக்கடி, கால் முழுக்கப் புண். களைப்பில் வழக்கமான கடையில் வழக்கமான பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து நீட்டிவிட்டீர்கள். அத்தை பிரித்தார். முகர்ந்தார். பெருமாள் கோயிலில் துளசி தருவார்கள், தீர்த்தம் தருவார்கள், விபூதி எங்கே தருவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னாடா ஏயுமல," என்றார் அத்தை, ஏழுமலை என்ற உங்கள் பெயரை வழக்கம்போலக் கடித்து, நிதானமாக. "பெருமாளு எப்பலேர்ந்து துண்ணூறு குடுக்குறாரு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அந்த ஸ்டேசன் கடைக்காரன்கிட்டதான் நானும் கற்பூரம் வாங்குறேன். உன் புள்ளயும் மருமவளும் மாசாமாசம் துண்ணூறு வாங்கிகினு போறாங்க, வூட்ல அவ்ளோ பக்தியான்னு கேக்குறான். எனக்கு எப்பவோ தெரியும்." இதைச் சொல்லிவிட்டு அந்த விபூதியை எடுத்து நெற்றியில் பூசியும் கொண்டார். பிறகு என் காலைப் பார்த்து, மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து அட்டைக்கடிப் புண்ணில் அவரே தடவினார். நான் காலை இழுத்தேன். விடவில்லை.

"எங்கனா போங்க. எந்த மலைக்கு ஓணும்னாலும் போங்க. ரெண்டு பேரா போனா ரெண்டு பேரா வூட்டுக்குள்ள நொழையணும். அத மட்டும் மறந்துடாதீங்க."

அன்றோடு வேண்டுதல் பொய் முடிந்தது, புளிசோறு நிற்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து விசேஷம் கேட்டாலும் அத்தையே வாசலில் மறித்துவிடுவார். "அதுங்க ரெண்டும் சந்தோசமா கீதுங்க. உனக்கு இன்னா பேஜாரு?" என்று அவர் உங்கள் பெரியம்மாவிடம் சொன்னதை நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். குழந்தை இல்லாத குறை எனக்கு இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது, உங்களுக்கும் இருந்தது. ஆனால் அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்த வீட்டில் நான் குறைந்தவள் இல்லை என்று தெரிந்தது.

அத்தை வைத்த விதியை நாம் மீறியதே இல்லை. கேரளத்து இரவிகுளத்தில்கூட. ஆனைமுடி ஏற எத்தனை நாள் ஆசைப்பட்டீர்கள்! மூணாறில் வன அலுவலகத்தில் காத்துக் கிடந்து அனுமதி வாங்கி, ராஜமலைக்குப் போய், வரையாடுகள் நம் பையை முகர்ந்து பார்த்ததில் பாதிப் பொழுதைத் தொலைத்து, அப்புறம் ஏறினோம். உச்சி தெரிகிற தூரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. கூட வந்த வனக்காவலர் இதற்கு மேல் வேண்டாம் என்றார். நான் போயே தீருவேன் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பனியில் நனைந்த புளிசோற்றை எனக்கு ஊட்டினீர்கள். "மலை எங்கயும் போயிடாது வசந்தா. அம்மாவுக்கு நாமதான் திரும்பிப் போகணும்" என்றீர்கள்.

மலை எங்கேயும் போகவில்லைதான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கத்திரிக்காய்ப் பையோடு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றீர்கள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை பாறையில், இத்தனை காட்டில், யானைக்கும் அட்டைக்கும் தப்பி வந்தவருக்குச் சொந்த வீட்டு நாற்காலியிலா? மலை ஏறி ஏறித்தான் இதயம் கெட்டுப்போனது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். அத்தை வாய் மூடியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது அல்லவா? மற்றவர்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு. எனக்கு அது பாதுகாப்பாக இருந்தது. யாராவது ஊட்டி என்றாலும் ஏற்காடு என்றாலும், வருடம் திரும்பவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். போன மாதம் உங்கள் திதி கொடுத்து முடித்தோம். அன்று சாயங்காலமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி என்ன சொல்லித் தட்டிக்கழிப்பேன்? இரண்டு பேராகப் போய் இரண்டு பேராக வர வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன்?

மறு சனிக்கிழமை பொழுது விடிந்ததும் சமையலறையில் புளி வாசனை. அத்தை உட்கார்ந்து சோறு கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நம் பழைய பை.

"இன்னா பாக்குற? பொடவ மாத்திகினு வா. திருநீர்மலைக்குப் போலாம்."

"அத்தை, உங்க முட்டிய வெச்சுக்கிட்டு அவ்ளோ படி ஏறுவீங்களா?"

"ரெண்டு பேரா போயி ரெண்டு பேரா வரணும்னு சொன்னேனா இல்லியா? ஏயுமலதான் வரணும்னா சொன்னேன்?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தையும் அழுதார். கரண்டியை மட்டும் விடவில்லை, அடிப்பிடித்துவிடுமாம்.

குரோம்பேட்டையில் பஸ் மாறிப் போனோம். நீங்களும் நானும் ஓட்டமாக ஏறிப் பழகிய அதே படிகள். அத்தை நாலு படி ஏறுவார், உட்காருவார், படி கட்டினவனைத் திட்டுவார், மறுபடி ஏறுவார். அவர் விழுந்தால் பிடிக்க நான் பின்னாலேயே வந்தேன். எனக்கும் மூச்சு வாங்கியது. அதை அவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டேன். உங்கள் தந்திரம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை விமானத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லையாம். முட்டி வலியை மறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய்ப் பார்த்தார். ஏரி எது, பல்லாவரம் எது, நம் வீடு எந்தத் திக்கு என்று ஒரே கேள்வி. பெருமாள் சன்னதியில் தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, கீழே மண்டபத்தில் சோற்றைப் பிரித்தோம்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க அத்தை?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. என்னைத் திருதிருவென்று பார்த்தார்.

"அடி போடி. மறந்தே பூட்டேன்."

உங்கள் சிரிப்பை யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நான் சிரித்தேன்.

அந்தத் துளசியை உங்கள் படத்தில் வைத்திருக்கிறோம். முதல் நிஜப் பிரசாதம், மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். அரையாண்டு லீவில் மூணாறுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அத்தை ராஜமலையில் வரையாடுகளோடு உட்கார்ந்திருப்பார். "நீ மேல போயிட்டு வா, நான் ஆட்டப் பாத்துகினு இருக்கேன், போறப்பவும் வர்றப்பவும் ரெண்டு பேருதான்" என்று கணக்கை நேராக்கிவிட்டார். நாம் திரும்பிய பாறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். உங்கள் பங்குப் புளிசோற்றையும் நானே சாப்பிடுவேன், அப்புறம் மிச்ச தூரம் ஏறுவேன். நீங்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதாகவே நினைத்து, திரும்பிப் பார்க்காமல் ஏறுவேன். இறங்கி வந்து உங்கள் அம்மாவைப் பத்திரமாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வருவேன். இது சத்தியம்.

உச்சியில் எதையும் வேண்டிக்கொள்ள மாட்டேன். நம் வழக்கம் அதுதானே.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு வழித்துணையாகிவிட்ட மருமகள்,
வசந்தா