விட்டுப் போனவனைக் கேள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
08.06.2025, ஞாயிறு

அன்புள்ள மகன் ஸ்ரான்லிக்கு,

இங்கே அப்பாவின் கண்ணையும் என் முழங்காலையும் விட்டால் மிச்சமெல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்தோனியாரை மன்றாடிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு வலக்கண்ணில் ஒப்பரேஷன் செய்து மூன்று கிழமை ஆகிறது, இப்போது நன்றாகத் தெரிகிறதாம், அது எனக்குத்தான் வினை. காற்றாடியில் தூசி, கறியில் கல், என் தலையில் நரை என்று ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒப்பரேஷனுக்கு முதல் நான் வடிவாக இருந்தேன் போலிருக்கிறது. தெருவில் அந்தோனியார் திருநாளுக்குக் கொடி கட்டியாயிற்று, வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் திகதி, மழை மட்டும் விட்டால் போதும். லீவில் வந்த உன் மாமா மகள் ரொஷேல் செவ்வாய்க்கிழமை திரும்பக் கனடாவுக்குப் பிளேன் ஏறுகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதத்தையும் இரண்டு போத்தல் மாசிச் சம்பலையும் கொடுத்து விடுகிறேன். சம்பலைச் சின்னவளுக்குக் கொடுக்காதே, உறைப்புக் கூடிப்போயிற்று.

போனில் தினமும் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நீ எடுத்தால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அவர் காதில் விழக்கூடாத கதை இது, அதுதான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், சிரிக்காமல் ஆறுதலாக வாசி. போன வியாழக்கிழமை நீ எடுத்து, சொந்தமாக வேன் வாங்கிவிட்டேன், இனி எவனுடைய வண்டியையும் ஓட்டத் தேவையில்லை, ஏதாவது ஒரு கொம்பனியோடு சேர்ந்தால் அவர்கள் சாமான் தருவார்கள் நான் ஏற்றி இறக்குவேன் என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். பிறகு இரண்டு கொம்பனியைப் பற்றிச் சொன்னாய். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்து ஆயிரம் கேள்வி கேட்கிறாள், பதினான்கு பக்க ஒப்பந்தம் தந்து யாரிடமாவது காட்டி வாசித்துவிட்டு வா என்கிறாள், பெரிய கரைச்சல் என்றாய். மற்றது சயந்தனுடைய கொம்பனி, வெள்ளவத்தைப் பொடியன், நீங்கள் ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடினவர்களாம், பேப்பரெல்லாம் பிறகு பார்ப்போம் மச்சான் என்கிறானாம், வேனின் நம்பர் பிளேட்டையும் இன்சூரன்ஸையும் தன் கொம்பனி பெயரில் போட்டால் உனக்கு மலிவு என்கிறானாம். அந்தோனியார் திருநாளிலேயே கையெழுத்து வைக்கப் போகிறேன் என்றாய். அவனைப் பற்றி யாரிடமாவது விசாரித்தாயா என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "எங்கட ஆளம்மா, விசாரிக்க என்ன இருக்கு?" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகன், ஏனென்றால் அது நான் பேசின பேச்சு.

உனக்கு நாங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கிறோம். நீ கட்டாருக்குப் போவதற்காக அப்பா நீல வேனை விற்றார் என்றுதான் உனக்குத் தெரியும். கனடாவுக்குப் போன பிறகும் எத்தனையோ தரம் அதைச் சொல்லி அப்பாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறாய், போன கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் முன்னால் போனில் சொன்னாய், அவர் எழும்பிப் போய் முகம் கழுவினார். பதின்மூன்று வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம். வேனை அப்பா விற்கவில்லை. உன் பயணத்துக்குப் போனது என் காப்பும் சங்கிலியும். வேன் அதற்கு முதலே எங்கள் கையை விட்டுப் போய்விட்டது, அப்படிப் போனதற்குக் காரணம் நான்.

அப்பா எப்படி வேலை பிடிப்பார் என்று உனக்குத் தெரியுமே. புதிதாக ஒரு ஏஜென்ட் துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றக் கூப்பிட்டால் அவர் உடனே தலையாட்ட மாட்டார். அந்த ஏஜென்டின் ஸ்டோர்ஸ் வாசலில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் இரண்டு காலை போய் நிற்பார். எத்தனை வேன் வருகிறது, எவ்வளவு நேரம் காய்கிறது, சாமான் உடைந்தால் யாரை ஏசுகிறார்கள் என்று பார்ப்பார். அங்கே ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் ஒன்றும் கேட்க மாட்டார், அவன் தன் வயிற்றுப்பாட்டுக்கு நல்லதுதான் சொல்லுவான் என்பார். அங்கிருந்து விலகினவன் எவன் என்று தேடிப்போய் அவனிடம்தான் கேட்பார். விட்டுப் போனவனைக் கேள், அவனுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்பது அவருடைய வேதவாக்கு. நான் அவரைப் பரிகசிப்பேன், கலியாணத்துக்கு முதல் என்னைப் பற்றியும் எவனிடமாவது கேட்டீர்களா என்று. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடினார், ஒருவனும் அவரை ஏமாற்றவில்லை.

பிறகுதான் அலோசியஸ் வந்தார். உன் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் உன்னைக் கையில் ஏந்தின மனிதன், செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாளுக்கு வருகிறவர், திருநாளில் சுரூபம் தூக்குகிறவர்களில் முன் ஆள். நுகேகொடை, கல்கிசைக் கடைகளுக்குச் சாமான் அனுப்புகிற பெரிய கொன்ட்ராக்ட் ஒன்று கிடைத்திருக்கிறது, வேனோடு வந்து என்னோடு சேர் என்று கேட்டார். அப்பா வழக்கம் போல இரண்டு நாள் பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். நான்தான் விடவில்லை. பிள்ளையின் ஞானத்தகப்பனைப் பற்றித் தேத்தண்ணிக் கடையில் போய் விசாரிக்கிறதா, அவர் காதில் விழுந்தால் கோயிலில் நான் எந்த முகத்தோடு நிற்பது, எங்கட ஆளைப் பற்றி விசாரிக்க என்ன இருக்கு என்று சண்டை பிடித்தேன். அப்பா தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் விட்டார். அந்த வருஷத் திருநாளன்று பூசை முடிந்து, எங்கள் வீட்டு மேசையில் நான் சமைத்த கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, அலோசியஸ் ஓபன் பேப்பர் கேட்டார். உனக்குத் தெரியாததல்ல, வாகனம் பெயர் மாற்றுகிற போர்மில் வாங்குகிறவன் பெயரை எழுதாமல் சொந்தக்காரன் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுப்பது. கொன்ட்ராக்ட் தருகிறவனுக்கு எல்லா வேனும் தன் கையில் இருக்கிறதென்று காட்டத்தான், அலுமாரியில் பூட்டி வைப்பேன் என்றார். இந்த ஊரில் ஆளுக்கு ஆள் நம்பிக் கொடுக்கிறதுதானே. அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் பேனை எடுத்து வந்து கொடுத்தேன், நல்ல நாள், இன்றைக்கே வையுங்கள் என்றும் சொன்னேன்.

ஐந்து மாதம் ஓடிற்று. நீ அப்போது நீர்கொழும்பில் சின்னம்மா வீட்டில் நின்று கோர்ஸ் செய்துகொண்டிருந்தாய், அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பின்னேரம் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் சாப்பாட்டுக் கரியர், ஒரு சொப்பிங் பையில் வேனின் முன்னால் வைத்திருந்த அந்தோனியார் படம். நுகேகொடையில் கடை வாசலில் சாமான் இறக்கிக்கொண்டு நின்றபோது வாகனத்துக்குக் கடன் கொடுக்கிற லீசிங்காரர் இரண்டு பேர் வந்து பேப்பரைக் காட்டிச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். அலோசியஸ் அந்தப் போர்மில் தன் பெயரை நிரப்பி, வேனைக் காட்டிக் கடன் எடுத்து, கட்டாமல் விட்டிருக்கிறார். அப்பா படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். பொலிசுக்குப் போவோம் என்றேன், கையெழுத்து என்னுடையது மேபல், என்ன சொல்லிப் போவது என்றார். கொஞ்ச நாளில் அலோசியஸ் வீட்டை ஒதுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், இன்றைக்கும் தெரியாது. பிறகு அப்பாவின் கூட்டாளி நபீஸ் நானா வீட்டுக்கு வந்தார், நமக்கு வட்டிலப்பம் கொண்டுவருவாரே அவர்தான். அலோசியஸிடம் இரண்டு வருஷம் வேன் ஓடி, தன்னிடமும் இப்படி ஒரு பேப்பர் கேட்டதால் விட்டு வந்தவராம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "ஹியூபேட், எல்லாரப் பத்தியும் எங்கிட்ட கேட்டீங்க. அவரப் பத்தி மட்டும் கேக்கல்லயே" என்று. ஞான உறவு என்று தெரிந்ததால் தானாக வந்து குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உன்னால்தான் என்று ஒரு சொல், இந்தப் பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது சயந்தன் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவனைத் தெரியாது. உனக்கும் தெரியாது மகன், பந்து போடத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியும். நல்லவனாகவும் இருக்கலாம், அப்படியானால் நீ விசாரித்தால் அவனுக்கு என்ன குறை. அவனிடம் வேன் ஓடி விலகினவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடி. சொன்ன நாளில் காசு வந்ததா, சாமான் இறக்கிவிட்டு நூறு மைல் வெறும் வேனோடு திரும்பினால் அந்த ஓட்டச் செலவு யார் தலையில், பனியில் நடு ரோட்டில் நின்றுகொண்டு போன் எடுத்தால் ஒப்பீசில் ஒரு மனிதன் எடுத்தானா, சாமான் உடைந்தால் யார் கட்டினார்கள், விலகுகிறேன் என்றபோது வேன் பேப்பரை உடனே திருப்பித் தந்தானா என்று கேள். கடைசிக் கேள்வியை இரண்டு தரம் கேள். அங்கே பிளேட்டைக் கொம்பனி பெயரில் போடுவது வழக்கம்தான் என்று ரொஷேல் சொல்கிறாள், இருக்கட்டும், ஆனால் வேன் யாருடையது, எப்படித் திரும்பி வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளைக்காரியிடமும் இதே கேள்வியைக் கேள், அவள் தோல் வெள்ளை என்பதற்காக விட்டுவிடாதே. ஆனால் ஒன்று, வாசித்துவிட்டு வா என்று சொல்கிறவள் உனக்குக் கரைச்சல் தரவில்லை. எனக்கு அன்றைக்கு அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அலுமாரியில் நீல வேனின் மற்றச் சாவியைத் தேடினேன். லீசிங்காரர் ஒரு சாவியோடு போய்விட்டார்கள், மற்றது என் சாறிக்கு அடியில்தான் இவ்வளவு காலமும் கிடந்தது. இதற்குள் வைத்து அனுப்பலாம் என்று எடுத்துக்கொண்டு திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். அவருக்குத்தான் இப்போது எல்லாம் தெரிகிறதே. சாவியைப் பார்த்தார், மேசையில் கடிதத்தைப் பார்த்தார், ஸ்ரான்லிக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். "வேன நான் வித்தது எண்டே இருக்கட்டும் மேபல். பிள்ளைக்கு உன்னில ஒரு குறையும் தெரிய வேண்டாம்" என்றார். நான் அழுதுவிட்டேன், எழுதியாயிற்று, ஒரு வரியும் வெட்ட மாட்டேன் என்றேன். அவர் சாவியை வாங்கித் தன் சாரத்தில் துடைத்து, அவரே கவருக்குள் போட்டார். அது இனி எந்தக் கதவையும் திறக்காது. நீ கையெழுத்து வைக்கிற மேசையில் பக்கத்தில் வைத்துக்கொள், அது போதும்.

மருமகளுக்கும் சின்னவளுக்கும் எங்கள் முத்தம். தூர ஓட்டம் போகும்போது சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ, கண் சொருகினால் கரையில் நிறுத்திப் படு, சாமான் அரை மணி பிந்தினால் உலகம் அழியாது. ஆண்டவரும் மாதாவும் உன் வேனுக்கு முன்னும் பின்னும் நடப்பார்கள். வெள்ளிக்கிழமை எல்லாருமாகப் பூசைக்குப் போங்கள், பேனையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ. விசாரித்து முடித்து எந்த நாளில் கையெழுத்து வைத்தாலும் அது நல்ல நாள்தான்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
மேபல்

மகன், அம்மா வாசிக்கத் தந்தாள். எழுதியதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பேனையைத்தான் அவள் கொண்டுவந்து தந்தாள். கையெழுத்து வைத்தது நான்.
அப்பா