குரங்கின் கண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது

இன்று காலை மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். செம்மஞ்சள் வட்டம், கிளைவிட்ட இரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு மங்கல் திட்டு. அவன் கனடாவில் ஒரு கண் ஆய்வுகூடத்தில் வேலை செய்வது உமக்குத் தெரியும். "அம்மா, இது ஒரு கிழட்டுக் குரங்கின்ரை விழித்திரை. மனிசருக்கு வாற மாதிரியே அதுக்கும் நடுப் பார்வை போகுது" என்று எழுதியிருந்தான். தேநீருக்கு வைத்த தண்ணீர் வற்றும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உம்முடைய நினைவு வந்தது. கூடவே கோபமும்.

உடுவில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள்; விலங்கியல் நீர் படிப்பித்தீர், தமிழ் நான். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது ஒருநாள், "இஞ்சேரும், கரும்பலகை விளிம்பு வளைஞ்சு தெரியுது. உமக்கும் அப்பிடியோ?" என்று கேட்டீர். "உம்மடை சத்தத்துக்குப் பயந்து வளைஞ்சிருக்கும்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசு போனால் உப்பிடித்தான். கண்ணாடியை மாத்துங்கோ" என்றார்.

"வருத்தத்தின்ரை பேர் என்ன, டொக்டர்?" என்று நீர் நோயின் பெயரைக் கேட்டீர்.

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப்போறியள் அம்மா?"

எத்தனை வருடம் கண்ணின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் கீறிப் படிப்பித்த உம்மிடம் அப்படிக் கேட்டார்! நீர் கதிரையை விட்டு அசையவில்லை. வரிசை நீளுகிறதே என்று வெட்கப்பட்டு, "வாரும், போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தவள் நான்.

இரண்டு கண்ணாடி மாற்றினீர். கொழும்புக்குப் போனபோது நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. "ஆறு மாசம் முந்தி வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம்" என்றார்கள். அதன்பிறகு என் முகத்தைப் பார்க்க நீர் தலையைப் பக்கவாட்டில் திருப்புவீர். ஓரப் பார்வை மட்டுந்தான் மிஞ்சியிருந்தது. போன மாசியில் நெஞ்சுவலி வந்து கண்மூடும்வரை அப்படித்தான்.

மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அந்த ஊசியையும் குரங்கிலையோ பார்த்தவை?"

"ஓம் அம்மா. லேசராலை வேறை குரங்குகளின்ரை கண்ணிலை புண் உண்டாக்கிப்போட்டு, ஊசி வேலை செய்யுதோ எண்டு பார்த்தவை. எங்களைப்போலை விழித்திரையிலை நடுப்புள்ளி எலிக்கு இல்லை, குரங்குக்குத்தான் இருக்கு."

அவன் படம் அனுப்பிய குரங்குக்குத் தனிக் கோப்பு இருக்கிறதாம். நோயின் பெயர், தொடங்கிய காலம், மாதாமாதம் எடுத்த படங்கள். உமக்கு ஒரு துண்டுக் காகிதங்கூட இல்லை. குரங்கின்மேல் எனக்கு என்ன பொறாமை? அது கேட்டா கூட்டுக்குள் போனது? தவளை வெட்டும் நாளில் பிள்ளைகளிடம் நீர் சொல்வீர்: "ஒரு உயிரை எடுத்துப்போட்டு அரைகுறையாய்ப் படிக்கக் கூடாது." இங்கே எத்தனையோ கண்களைப் புண்ணாக்கி ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார்கள்; அது கொழும்புவரை வந்தும் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு வைத்தியருக்கு ஐந்து நிமிடம் செலவழிக்க மனமில்லாததால் உம்முடைய பார்வை போனது. அந்தக் குரங்குகள் பட்ட வேதனையும் உம்மளவில் வீணாய்ப் போனது. இதை விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னேரம் சண்டிலிப்பாயிலிருந்து என் மச்சாள் வந்தாள். பயிற்றங்கொடிக்கு நட்ட தடியெல்லாம் நெளிந்து தெரிகிறதாம். நாளைக்கு என்று விடாமல் ஓட்டோ பிடித்து ஒரு கண் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். இவரும் வயதைத்தான் சொன்னார்.

"விழித்திரையைப் படமெடுக்க எழுதுங்கோ. வருத்தத்தின்ரை பேரையும் எழுதுங்கோ" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தாதி வந்து, "அம்மா, எழும்புங்கோ, ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்" என்றாள்.

அவர் பேனையை எடுக்கும்வரை நான் எழும்பவில்லை.