கடைக்கோளின் பொருட்டுத் தம்பிக்கு

ஞாயிற்றின் முதற்கதிர் உம் குன்றில் விழுக. மழையின் முதல் துளியும் அங்கேயே பெய்க.

நீலத்துறை அரியணை அமர்ந்து ஆற்று முகங்கள் யாவும் காக்கும் கோப்பெருந்தேவி வேண்மாள் நங்கை, கூகைக்குன்றின் காவலரும் வடகணவாய்க்கு உரியவரும் நம் உடன்பிறந்தாருமாகிய எயினவேளுக்கு விடுக்கும் திருமுகம். உம் கோட்டையும் குடிகளும் ஆட்டு மந்தைகளும் நலம் பெருகி வாழ்க.

விண்ணை ஆயும் கணியர் அமர்ந்த நம் வானவை கூடி, பளிங்குக் குழல் வழியே கண்டவற்றை ஆராய்ந்து, உமக்குரிய கடைக்கோளை இனிக் கோள் என்னாது குறுங்கோள் என்று வகுத்தது. அத்தீர்ப்பை நேரில் உரைக்க வந்த பெருங்கணி உதிரையாரை நீர் கோட்டைக்குள்ளேயே நிறுத்தி, சொல்லை மாற்றினாலன்றி விடுவதில்லை என்றது நம் செவிக்கு எட்டியது. அவருக்கு நாள்தோறும் நெய்ச்சோறும் மலைத்தேனும் அனுப்புகிறீர் என்பதும் எட்டியது. ஒருவரை ஒழுங்காகச் சிறைவைக்கக்கூட உமக்குத் தெரியவில்லை.

அவை அவசரப்பட்டது என்று நீர் எழுதியிருந்தீர். அப்படியன்று. முன்னோர் கோள் என்று அழைத்ததை நாம் மாற்றலாகாது என்று நம் அமைச்சர் தொண்டை வறள வாதாடினார். அதற்கு உதிரையார், கோள் எனப்படுவது ஞாயிற்றைச் சுற்ற வேண்டும், தன் எடையாலேயே உருண்டு திரண்டிருக்க வேண்டும், தன் பாதையைத் தானே துடைத்து வைத்திருக்கவும் வேண்டும் என்றார். கடைக்கோள் முதலிரண்டில் தேறியது, மூன்றாவதில் தவறியது. அதன் பாதையில் சிறியவை திரளாகச் செல்கின்றன, அவற்றுள் ஒன்று அதற்கு இணையான பருமனும் உடையது. ஒன்றைக் கோள் என்றால் அத்தனையையும் கோள் எனல் வேண்டும். நாமும் குழலில் கண் வைத்துப் பார்த்தோம். வானம் நம் முத்திரைக்குக் கட்டுப்படாது.

கோள்விழாவில் வேளிர் அனைவரும் தத்தம் கோளின் விளக்கை ஏந்தி ஞாயிற்று விளக்கை வலம் வரும்போது, உமக்கு மட்டும் வெறுங்கை ஆகுமே என்று வருந்தியிருந்தீர். அதன் கீழே, எவர்க்கும் வேண்டாததைத்தான் தந்தையார் கடைக்குட்டியின் தலையில் கட்டினார் போலும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபின் அரசியாக எழுத எனக்குக் கை வரவில்லை.

எயினா, உனக்குக் கோள் தந்த அன்று நான் அங்கே இருந்தேன். நீ கைக்குழந்தை. செந்நிறக் கோளும் வளையம் பூண்ட கோளும் அப்போது எவர்க்கும் தரப்படாமல்தான் இருந்தன. அப்பா கடைக்கோளைக் கேட்டார். உதிரையார் தடுத்தார், அது தனியே செல்வதாகத் தெரியவில்லை, கூடச் சிறியவை பல இருக்கக்கூடும், ஒருநாள் அதன் பட்டம் போய்விடலாம் என்றார். அப்பா உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “துணை உண்டா? அப்படியானால் அதையே கொடுங்கள். எனக்குப் பின் இவன் தனியே போகக் கூடாது” என்றார்.

எனக்குத் தந்தது பெருங்கோள். அதன் பாதையில் யாரும் இல்லை. உன்மேல் எனக்கு எத்தனை நாள் பொறாமையாக இருந்தது தெரியுமா?

இனி நம் ஆணை. பெருங்கணி உதிரையாரைப் பல்லக்கேற்றி, ஒரு குடம் தேனும் உடன் வைத்து, இவ்வோலை கண்ட பொழுதே அனுப்புக. கடைக்கோள், குறுங்கோள் என்ற பெயரோடே, தன் விளக்கை இழவாது வலம் வருக. மற்ற வேளிருக்கு முன்னே கட்டியக்காரர் மக்களை விலக்கி வழி செய்வர். உம் விளக்குக்கு முன்னே எவரும் எவரையும் விலக்கலாகாது. கூகைக்குன்றின் மக்கள் யார் வந்தாலும் ஆளுக்கோர் அகல் ஏந்தி உம்மோடு நடக்கட்டும். அகல்களுக்கான நெய் அரண்மனை தரும்.

நீலத்துறைக் கோயிலகத்தில், மீன்கொத்தி முத்திரை பொறித்துத் தந்தோம். செய்க.

முத்திரைக்குக் கீழே எழுதுவது ஆணையன்று, தம்பி. என் சுற்று முடிந்ததும் விளக்கோடு உன் கூட்டத்துக்கு வருவேன். நடக்கக் கொஞ்சம் இடம் விடு.