தை அமாவாசைக்குக் குடமிளகாய்

இன்று காலை குடமிளகாயை நறுக்கியதும் சமையலறை முழுக்க அந்தப் பச்சை வாசனை எழுந்தது. நீ எடுத்து வைத்த விதை, நீ இல்லாமல் காய்த்த காய். இன்று நடந்ததை வேறு யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

பட்டாபிராமில் உன் மொட்டை மாடிக்கும் என் மொட்டை மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு நாங்கள் குடிவந்த முதல் நாளே அந்தச் சுவருக்கு மேல் உன் தலை தெரிந்தது. "இன்னாமே, மாடி சும்மா கெடக்குது? ரெண்டு செடி வெய்யி" என்றாய். என் பேரைக்கூடக் கேட்கவில்லை.

குடமிளகாய்தான் போட வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தது உன் மகளுக்காக. பச்சை மிளகாயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிற பெண் அவள். "மொளகான்னு பேர் கீது, காரம் இல்ல. எம் பொண்ணுக்குன்னே ஆண்டவன் படைச்சிகிறான்" என்பாய். இந்த ஆவடிப் பக்கத்து வெயிலில் அது வருமா என்று நான் கிண்டல் செய்தேன். முதல் கோடையில் பூவெல்லாம் உதிர்ந்து கொட்டியது. நீ விடவில்லை. அடுத்து ஆவணியில் விதைத்து, பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாய். மதிய வெயிலுக்குப் பழைய நூல் புடவையைப் பந்தல் மாதிரி கட்டினாய். பச்சை மிளகாய் டப்பாவையும் ஒட்டியே வைத்தாய். "ஒண்ணுக்கு ஒண்ணு தொணையா கெடக்கட்டும்."

மார்கழியில் முதல் காய் தொங்கியபோது, காய்ந்த மிளகாயை எடுத்து வந்து செடிக்குத் திருஷ்டி சுற்றினாயே! "மிளகாய்க்கே மிளகாய் சுத்துறியா?" என்று சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. "சிரிமே, சிரி. உங் கண்ணுதான் மொதல்ல பட்டுது" என்று எனக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாய்.

அந்தக் காய்கள் அப்படி இனித்தன. ஒன்றைச் செடியிலேயே சிவக்கவிட்டு, விதையெடுத்து உலர்த்தி என் கையில் கொடுத்தாய். மாசியில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

உன் மகள் அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், நாற்காலிகளை எடுத்துப் போட்டாள், காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அவள் இருக்கும் வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் இதோ பட்டாபிராம். ஆனாலும் அதற்கப்புறம் அவள் வரவில்லை. போன் செய்தால், "அம்மா இல்லாத ஊட்டுக்கு வந்து இன்னா சித்தி பண்ணப் போறேன்?" என்பாள். அப்பனும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. உள்ளுக்குள்ளேயே இறுகிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் ஆவணியில் உன் விதையைப் போட்டேன். காய் வந்ததும், "உங்கம்மா செடி காய்ச்சிருக்குடி. அமாவாசைக்குப் படைக்கிறேன், வா" என்றேன்.

வந்தாள். நான் உனக்கு உறவில்லை, படைக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் இலை போட்டுக் குடமிளகாய்ப் பொரியல் வைத்தேன். படையலுக்குச் சமைத்ததை ருசி பார்க்கக் கூடாதே, அதனால் பார்க்கவில்லை. காய் சிறுத்து நுனி கூராக இருந்ததை மண்வாகு என்று நினைத்துவிட்டேன். காக்கைக்கு வைத்துவிட்டு அவளுக்குப் பரிமாறினேன். முதல் வாயிலேயே அவள் முகம் சிவந்துவிட்டது. நானும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். நாக்கு எரிந்தது! பச்சை மிளகாயை ஒட்டி வைத்தாயே, தேனீ பூவுக்குப் பூ போய் வந்ததில் விதையிலேயே காரம் ஏறியிருக்கிறது.

"வெச்சுடுடி, உனக்கு ஆகாது" என்றேன்.

அவள் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினாள். "எனக்கோசரம் அம்மா போட்டது சித்தி" என்றாள். காரத்தில் வந்த கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் "யம்மா, யம்மா" என்று சோற்றுக் கையோடு என் தோளில் சாய்ந்து கதறினாள். மாசியிலிருந்து அடைத்துக் கிடந்த அழுகை. நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அழட்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்தவள் உன் வீட்டுச் சாவியைக் கேட்டாள்.

நீ இல்லாத வலி எனக்குள் அப்படியேதான் இருக்கிறது. அது போகாது, போகவும் வேண்டாம். ஆனால் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. "சித்தி, தொடப்பம் எங்க கீதுன்னு தெர்ல, கொஞ்சம் வாயேன்" என்று அப்படியே உன் குரலில் கூப்பிடுகிறாள். இரு, போய்விட்டு வருகிறேன்.