மேனேஜரின் கால் ஆறுவதற்குள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நம் நாய் மேனேஜருக்குக் காலில் அடி பட்டுவிட்டது. வலது முன்காலில், பாதத்தின் அடியில் கறுப்பாக மெத்தை மாதிரி இருக்குமே, அங்கே கண்ணாடி கிழித்துவிட்டது. நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உன் விலாசம் மருந்துக்கடை மாமா கொடுத்தது. அவர் கடைக்குப் பெட்டி இறக்க அத்தான் ஓட்டுகிற லாரி வருகிறதாம், நம் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறதாம். அத்தான் என்று எழுதலாம் இல்லையா? வாய்விட்டு இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை.

நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதிலிருந்து அப்பா அந்த லாரியில் பட்டறைக்குக் கண்ணாடி எடுப்பதில்லை. இப்போது கொண்டு வருகிறவர் ஏனோதானோ என்று கட்டுகிறார். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஓரம் உடைந்திருக்கிறது. முன்பெல்லாம் வேலை முடிந்ததும் நீ பெருக்கிவிட்டு, பிசைந்த மாவை உருண்டையாக்கித் தரை முழுக்க ஒற்றி எடுப்பாய். மேஜைக் கால் சந்தில்கூட ஒரு பொடிச் சில்லு மிஞ்சாது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வந்தவர்கள் முன்னால் பட்டறைக்குள் வெறுங்காலோடு நடந்து காட்டுவார். எம் பொண்ணு துடைச்ச தரை என்பார். இப்போது பெருக்குவதோடு சரி. அப்பா செருப்பைக் கழற்றுவதே இல்லை.

அடி பட்ட அன்றைக்குத் தெருவில் ஒரு லாரி ஹாரன் கேட்டது. அத்தான் லாரி மாதிரியே, முதலில் நீளமாக, பிறகு விக்கல் எடுத்தது போல் சின்னதாக. கண்ணாடி வெட்டுகிற மேஜைக்கு அடியில் மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து ஒரே ஓட்டம், அப்போதுதான் பிரித்துப் போட்ட பெட்டியின் சில்லுகள் மேலேயே. வாசலில் போய் மூன்று காலில் நின்று வாலை ஆட்டினான். அது யாரோ தண்ணீர்த் தொட்டி ஏற்றிப் போகிற லாரி. அப்பாவும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நான் கவனித்தது அவருக்குத் தெரியாது.

மருந்துக்கடைக்கு ஓடினேன். சில்லு ஆழமாகப் போயிருந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ கால்நடை டாக்டரிடம்தான் போக வேண்டும், மேலாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம் என்று மாமா சொன்னார். மேலாகத்தான் இருந்தது. அம்மா அவன் தலையை மடியில் வைத்து, திருட்டுப் பயலே, கடன்காரா என்று கொஞ்சிக்கொண்டே பிடித்துக்கொள்ள, நான் இடுக்கியால் எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக் கட்டினேன். நமக்குப் போடுகிற களிம்பு எதையும் போடாதே, நக்கி வயிற்றுக்குள் தள்ளிவிடுவான் என்று மாமா சொல்லியிருந்தார். வெளியே போகும்போது மட்டும் ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதை மாட்டிக்கொண்டு அவன் நடக்கிற நடையைப் பார்க்கணுமே, புதுச் செருப்பு வாங்கின பெரிய மனுஷன் தோற்றான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கிறான் என்று நீ மேனேஜர் பேர் வைத்தாலும் வைத்தாய், ஒரு வேலை செய்வதில்லை.

இனிமேல்தான் நான் பயப்படுகிற விஷயம். மேனேஜரை மரக்கடைக் காவல்காரரிடம் கொடுத்துவிடப் போவதாக அப்பா சொன்னார். அவர் நாய்களைக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பார், உனக்கே தெரியும். அது என்ன பாவம் பண்ணிச்சு என்று அம்மா கேட்டாள். அப்பா, "எப்பப் பாத்தாலும் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கு. எனக்கு வேலையில கை ஓட மாட்டேங்குது" என்றார்.

காவல்காரர் வந்தார். காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நொண்டி நாயைக் காவலுக்குப் போட்டால் திருடன் நின்று சிரித்துவிட்டுப் போவான், ஆறினதும் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் புண் ஆறாமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே அவன் என் கையை நக்குவான். எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விடும்.

நேற்றுப் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் கட்டை இறுக்கிவிட்டேன். இறுகினால் விரல் வீங்கும் என்று மாமா எச்சரித்தது கணக்கு வகுப்பில்தான் ஞாபகம் வந்தது. மணி அடித்ததும் ஓடி வந்து பார்த்தால், யாரோ பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். விரல் இடுக்கில் பஞ்சு வைத்து, தளர்வாகச் சுற்றி, நிலைக்கண்ணாடி மூலைக்குத் துணி மடிப்பது போல மடித்துச் செருகி. அதற்கு மேல் தோலில் தைத்த ஒரு குட்டி உறை. அம்மாவிடம் கேட்டேன். எனக்கு இந்தத் தையல் எங்கேடி வரும் என்றாள்.

அந்தத் தோலை எனக்குத் தெரியும். அப்பாவின் இடது கையுறையின் உள்ளங்கைப் பக்கம்.

இன்றைக்குச் சாயங்காலம் அவர் ஒரு பெரிய கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் ஒரு சின்னக் கையுறை. விரல்கள் பாதிதான் நுழைந்திருந்தன, மணிக்கட்டுவரைகூட எட்டவில்லை. பின்பக்கம் நீல மையில் உனக்காக நான் வரைந்த எலி. உன் சாமான் எல்லாவற்றையும் நீ போன அன்றைக்கே உடைசலோடு குப்பைக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னாரே அக்கா. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பாக்குற? போய்ப் படி" என்றார். ஆனால் அது திட்டுகிற குரல் இல்லை.

அந்தக் கையுறையோடு பெரிய கண்ணாடி தூக்கினால் கை கிழியும். நான் சொன்னால் கேட்பாரா?

அவர் படுத்த பிறகு மாவைப் பிசைந்து பட்டறைத் தரை முழுக்க ஒற்றி எடுத்தேன். உன் அளவுக்கு வராது. ஆனாலும் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து பார்த்தேன், எங்கேயும் குத்தவில்லை. இனி தினமும் செய்வேன். அதனால் அத்தானிடம் சொல், அடுத்த தடவை நம் தெருவுக்குள் வரட்டும். நீயும் கூட வா. பயமாக இருந்தால் இறங்க வேண்டாம். ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்தால் போதும். மேனேஜர் ஓடி வருவான். அவனுக்குப் பின்னால் வருகிறவரும் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கால் ஆறுவதற்குள் வா அக்கா. நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது.

இருமல் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உன் சுண்டெலி