‘கிளார்க்’ என்று டிக் அடித்தேன்

7 ஜூலை 2025, திங்கள்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று பிற்பகல் மூன்று மணியளவில், சிரம்பானில் உள்ள ஒரு வக்கீல் ஆபீஸில், எங்கள் அக்கா லோகேஸ்வரிக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் வழங்கப்பட்டது. பழத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர்: ‘நீங்கள் எங்களுக்கு முக்கியம்.’ பழம் காய்ந்திருந்தது. ஸ்டிக்கர் புதுசு.

நலவாழ்வு வாரமாம். முதலாளி புனிதன், டத்தோ பட்டம் வாங்கியவர், ‘இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று இருபது நிமிஷம் பேசினாராம். பிறகு யோகா. குடும்பமே கையைக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மறுநாள் கோர்ட்டுக்கான கட்டுகளை ஃபோட்டோகாப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். யோகாவுக்கும் ஒரு யோகம் வேண்டும்.

8 ஜூலை, செவ்வாய்

எஸ்டேட்டில் கங்காணி வேலை பார்க்கும் அப்பா, ‘மண்டோர் மணியம் மகள் வக்கீல்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்னும் ஆகவில்லை. படிப்பு முடிந்து, ஒன்பது மாதம் ஒரு பெரிய வக்கீலிடம் பயிற்சி. சேம்பரிங் என்பார்கள். அக்காவுக்கு ஏழு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் டத்தோ கையெழுத்துப் போட்டால்தான் வக்கீல் அங்கி.

மாலையில் அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வரும்போது கேட்டேன், மதியம் எங்கே சாப்பிடுகிறாய் என்று.

“ஃபைல் ரூம்ல.”

“யாரு கூட?”

“ஃபைல் கூட லா.”

வக்கீல்கள் வெளியே சாப்பிடப் போவார்கள், இவளைக் கூப்பிடமாட்டார்கள். கிளார்க்குகள் பான்ட்ரியில் சாப்பிடுவார்கள். இவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நாளைக்கு வக்கீலாகி அதட்டப் போகிறவள்தானே! அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அதனால் ஏழு மாதமாக அம்மா கட்டிக்கொடுக்கும் சோற்றைப் பழைய விவாகரத்துக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சட்டத்துக்கு இடமுள்ள ஆபீஸில் சட்டிக்கு இடமில்லை.

“அப்பாகிட்ட சொல்லிடாதடா” என்றாள்.

10 ஜூலை, வியாழன்

இன்று நீதி வழங்கினேன்.

அக்கா குளிக்கப் போன நேரம். லேப்டாப் திறந்து கிடந்தது. திரையில் டத்தோ ஆபீஸின் நலவாழ்வுக் கருத்துப் படிவம். ‘பெயர் வேண்டாம். மனம் திறந்து எழுதுங்கள்.’ அவள் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போடுவாள், எனக்குத் தெரியும். ஆகவே நானே திறந்தேன், மனத்தை.

‘அலுவலகத்தில் உங்களுக்குப் பிடித்த இடம்?’ — ஃபைல் அறை. 1994ஆம் வருஷத்து விவாகரத்துகள் நல்ல துணை. சந்தேகமென்றால் சேம்பரிங் பெண்ணைக் கேளுங்கள், ஏழு மாதமாக அவற்றோடுதான் சாப்பிடுகிறாள்.

‘உங்கள் ஆலோசனை?’ — டத்தோவை ஒரு நாள் அதே அறையில் வைத்துப் பூட்டலாம். ஆரஞ்சு கொடுத்து.

இங்கிலீஷில்தான் எழுதினேன். தமிழில் இன்னும் அழகாக இருக்கிறது.

கடைசிக் கேள்வி: உங்கள் பதவி? பங்குதாரர், வக்கீல், கிளார்க், சேம்பரிங். அங்கே சேம்பரிங் இவள் ஒருத்திதான். அதைத் தொட்டால் பெயரை எழுதிக் கொடுத்த மாதிரி. நான் என்ன அவ்வளவு மக்கா? ‘கிளார்க்’ என்று டிக் அடித்து அனுப்பினேன். என் மூளைக்கு ஒரு மாலை போடலாம்.

11 ஜூலை, வெள்ளி

ஒரு சத்தமும் இல்லை. பயந்தாங்கொள்ளிகள்.

15 ஜூலை, செவ்வாய்

சத்தம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, அம்மா செனாவாங் ஃபேக்டரி ஷிப்ட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் அக்கா சொன்னாள். டத்தோ நாலு கிளார்க்குகளையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். ஃபைல் அறைச் சாவி லெட்சுமி அக்காவிடம்தான் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். அவர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று விளக்கம் கேட்டுக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

“பேரு வேணாம்னு சொல்லிட்டு யாருன்னு தேடுறாரா? மனுசனா லா அவரு?”

“அவர விடுடா. லெட்சுமி அக்கா என்கிட்ட வந்து, ‘உன்ன பத்தி எழுதி என் சோத்துல மண்ண போட்டது யாரும்மா’ன்னு அழுவுறாங்க. நான் என்னா சொல்ல?”

எழுந்து போய், அழுக்கே இல்லாத மோட்டாரைக் கழுவினேன்.

16 ஜூலை, புதன்

காலையில் லோபாக் சிக்னலில் நின்றபோது சொல்லிவிட்டேன். அக்கா இறங்கி நடந்தே போய்விட்டாள். ஹெல்மெட்டோடு.

17 ஜூலை, வியாழன்

பள்ளிக்கு மட்டம். நேராக டத்தோ அறைக்குள் நுழைந்தேன். “எழுதுனது நான்தான். ஒரு வரிகூட பொய்யில்ல. பேரு கேக்காத தாள்ல பேர தேடுறீங்களே, வெக்கமா இல்ல?” என்றேன். மனுஷன் முகம் பாண்டான் கேக் மாதிரி பச்சையாகிவிட்டது. அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தர்மேந்திரன் வாழ்க. அதாவது, நான்.

25 ஜூலை, வெள்ளி

அக்கா ஒன்பது நாளுக்குப் பிறகு பேசினாள். “கண்ணாடி பாத்து ஓட்டு.” போதும்.

7 செப்டம்பர், ஞாயிறு

ஜூலை 17ஆம் தேதிப் பக்கம் பொய்.

இனி மறைத்துப் பயனில்லை. இன்று லெட்சுமி அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, அம்மா அப்பா முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூக்கு உட்பட.

நடந்தது இதுதான். நான் வாசல் மேசையைக்கூடத் தாண்டவில்லை. பள்ளிச் சட்டையோடு நின்றேன். டத்தோ வெளியே வந்து “யெஸ்?” என்றார். “சார்” என்றேன். அடுத்த வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. சத்தமாக. மூக்கு ஒழுகிச் சட்டையில் வழிந்தது. ஃபைல் அறையிலிருந்து ஓடிவந்த அக்காதான் பேசினாள்.

“இவன் என் தம்பி, டத்தோ. என் லேப்டாப்புல இவன் எழுதுனது தப்பு. ஆனா எழுதியிருக்கறது ஒன்னும் பொய்யில்ல. லெட்சுமி அக்காவ விட்டுருங்க.”

“உனக்குக் கையெழுத்து நான்தான் போடணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு, டத்தோ.”

சொல்லிவிட்டு, என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கடிதத்தை யாரும் கிழிக்கவில்லை. மறுநாள் இன்னொரு கடிதம் வந்து அதை ரத்து செய்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. லெட்சுமி அக்கா கும்பிடவும் இல்லை. என் சட்டையைப் பிடித்துப் பான்ட்ரிக்கு இழுத்துப் போய், டிஷ்யூவைக் கையில் திணித்து, மைலோ கலக்கிக் கொடுத்து, “வாயாடி! இன்னொரு தடவ எங்க பேருல எழுதுன, கைய ஒடச்சுப்புடுவேன்” என்றார். பிறகு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். “நீ ஏன்மா கதவுகிட்டயே நிக்கிற? சோத்த எடுத்துட்டு வா.” மற்ற மூன்று கிளார்க்குகளும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள்.

டத்தோ போன வியாழக்கிழமை, ஒன்பதாவது மாதத்தின் கடைசி நாளில், நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அங்கே வேலை கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். அக்கா அடுத்த மாதம் நீலாயில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்கிறாள்.

லெட்சுமி அக்கா கொட்டி முடித்ததும் அப்பா, “ஏழு மாசமா தனியாவாம்மா சாப்பிட்ட?” என்று மட்டும் கேட்டார்.

“இப்ப இல்லப்பா” என்றாள் அக்கா.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் மைலோ குடித்ததை மட்டும் ஒப்புக்கொண்டேன். இரண்டு கப்.