எலியாஸ் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை

சேசு மரி சூசை

எர்ணாகுளம்
14-11-1954

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அமிர்தராஜ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீங்கள் அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. பாதியைத் தீர்த்தவன் எலியாஸ்.

எலியாஸைப் பற்றி எழுதியிருக்கிறேனே, ஆபீசில் பக்கத்து மேஜைக்காரன், யூதன். எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவன். போன கிறிஸ்துமஸுக்கு நம் கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பதிலுக்கு இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கள் செபக்கூடத்துக்குக் கூப்பிட்டான். ஆபீசிலிருந்து கத்தோலிக்கர் நாலு பேர் போனோம். அங்கே ஆண்கள் தலையை மூட வேண்டுமாம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பல்வலிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அதற்கு முன்னால் ஒரு கூத்து. வேதச்சுருள் வைத்திருக்கும் பேழைக்கு எதிரே வந்ததும், பழக்க தோஷம், முழங்காலிட்டுச் சிலுவை போட்டுவிட்டேன். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எலியாஸின் அப்பா என்னைக் கைதூக்கி எழுப்பி, கிழவன் நானே நிற்கிறேன், உனக்கு அதற்குள் முட்டி விட்டுப்போயிற்றா, என்று மலையாளத்தில் கேட்டுத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். தாவீது ராஜாவின் சங்கீதங்களைத்தான் பாடினார்கள் அக்கா.

அவர்கள் குடும்பமே வருகிற வருஷம் இஸ்ரவேலுக்குக் கப்பலேறுகிறது. ஜனவரியில் என் நிச்சயதார்த்தத்துக்கு அவனை அழைத்து வருகிறேன். நம் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடட்டும்.

உங்கள் தம்பி
அமிர்தராஜ்


சேசு மரி சூசை

திருச்சி
22-11-1954

கண்மணித் தம்பிக்கு, அக்கா ரோசம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பிற மதத்தார் ஆராதனையில் கலந்துகொள்வது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்றா? அதுவும் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தவர்களிடமா போய் உட்காருவாய்?

மனசு கேட்காமல் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலோ நீ இதைக் கேட்க வேண்டாம். அவர் கோபப்படவில்லை. “பாவசங்கீர்த்தனம் பண்ணிடச் சொல்லும்மா” என்றார், அவ்வளவுதான். ஆனால் பாலக்கரையில் பெண்வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. லூர்துராணியின் அப்பா தைரியராஜ் உபதேசியார் நேரிலேயே வந்தார். “பையன் தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் மேற்கொண்டு பேச்சுங்க” என்றார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ரெண்டு நிமிஷ வேலை ராசா. சொல்லிவிட்டு வா. அந்தப் பையனைக் கூட்டி வராதே.

உன் அக்கா
ரோசம்மாள்


சேசு மரி சூசை

எர்ணாகுளம்
30-11-1954

அன்புள்ள அக்காவுக்கு, லூர்துராணியை விட்டால் எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று உங்களிடம்தான் முதலில் சொன்னேன். இன்றைக்கும் அதே மனசுதான். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையைப் பாவம் என்று என் வாயால் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு மறுநாள் ஆபீசில் எலியாஸின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஏகாதசிக் கடைகளில் பாத்திரம் வாங்க வருஷா வருஷம் ஸ்ரீரங்கம் போவீர்களே, கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததற்கு எப்போதாவது பாவசங்கீர்த்தனம் பண்ணினீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், வேடிக்கைக்குக் கேட்டேன்.

அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் நீங்கள்தான். பாலக்கரைக்குப் போய், என் தம்பி தப்பு பண்ணுகிறவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு உபதேசியார் மதிப்புக் கொடுப்பார். எனக்கு அது போதும்.

உங்கள் தம்பி
அமிர்தராஜ்


சேசு மரி சூசை

திருச்சி
19-12-1954

தம்பிக்கு, பாலக்கரைக்குப் போனேன். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்று உபதேசியார் என்னைக் கேட்டார். நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு முறிந்துவிட்டது. பெண்ணை மருங்காபுரிப் பக்கம் கொடுக்கிறார்கள்.

பூசைக்குப் போனால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். தப்பு என்று நீ ஒத்துக்கொள்கிற வரைக்கும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ரோசம்மாள்


திருச்சி
6-3-1966

அன்புள்ள தம்பிக்கு, பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் விலாசத்தை ஆபீசுக்கு எழுதி வாங்கினேன். உனக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார்கள். சந்தோஷம்.

யூதர்கள் மேல் பழி சுமத்தக் கூடாது, அவர்களோடு நட்பாயிருக்க வேண்டும் என்று உரோமையில் பாப்பரசர் கூட்டிய பொதுச்சங்கம் சொல்லிவிட்டதாம். எங்கள் புதுச் சாமியார் சின்ன வயசு, பிரசங்கத்தோடு நிற்கவில்லை. போன வாரம் எங்களில் பன்னிரண்டு பேரைக் கொச்சிக்கே கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செபக்கூடத்தில், பெண்களுக்கான மாடியில் உட்கார்ந்தேன். நீ எழுதியபடியே இருந்தது. சங்கீதம் பாடும்போது பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உபதேசியாரும் வந்திருந்தார், தலையில் கைக்குட்டையோடு. எலியாஸ் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். அவர்கள் போய் வெகுகாலமாயிற்று என்றார்கள்.

எர்ணாகுளம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். காயலுக்கு அந்தக் கரையைக் காட்டினார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சாமியார் அவசரப்படுத்தினார்.

இப்போதுதான் குற்றமில்லை என்று ஆகிவிட்டதே. வீட்டுக்கு வந்துவிடு ராசா.

உன் அக்கா
ரோசம்மாள்


எர்ணாகுளம்
15-3-1966

அக்காவுக்கு, கடிதம் கிடைத்தது. நீங்கள் போய் உட்கார்ந்து வந்ததில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். உபதேசியாரின் கைக்குட்டையைப் பற்றி எலியாஸுக்கு எழுதப்போகிறேன், சிரிப்பான்.

குற்றமில்லை என்று இப்போது ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அன்றைக்கும் அது குற்றமில்லை. உரோமையிலிருந்து வர வேண்டும் என்று நான் எதையும் கேட்கவில்லை, உங்களிடம்தான் ஒரு வார்த்தை கேட்டேன். இந்தக் கடிதத்திலும் அதைத் தேடிப் பார்த்தேன்.

கொச்சியில் படகு ஏறினால் அரைமணி நேரம். படகுத்துறைக்கு எதிர்த்த தெருவில்தான் என் வீடு. மகள் பாக்கியமேரிக்கு எட்டு வயசு. திருச்சியில் உனக்கு ஓர் அத்தை இருக்கிறாள் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அத்தை இங்க வரைக்கும் வந்திருந்தாங்களா அப்பா?” என்று கேட்டாள்.

இல்லை, உன் அத்தையாக இருந்தால் படகேறி வந்திருப்பாள், அது வேறு யாரோ என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
அமிர்தராஜ்